மூன்று வேலை தெரிந்தவன் ஒன்றிலும் உருப்படி இல்லையா?
'மூன்று வழி தரும் ஸ்பெல் எந்த வழியிலும் மட்டம்தான்' என்று, மேஜிக்: தி கேதரிங் கார்டு விளையாட்டைப் பற்றிய இந்தக் கட்டுரையில் செலெஸ்னியா சார்ம் என்ற கார்டை ஓரங்கட்டியதை ஏற்க முடியவில்லை. அதைப் போடும்போது மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: ஒரு கிரீச்சரின் பவருக்கும் (தாக்கும் பலம்) டஃப்னஸுக்கும் (தாங்கும் பலம்) அந்த டர்ன் மட்டும் +2/+2 கொடுக்கலாம், பவர் 5 அல்லது அதற்கு மேல் உள்ள கிரீச்சரை எக்ஸைல் செய்யலாம், அதாவது ஆட்டத்தை விட்டே விலக்கலாம், இல்லையென்றால் 2/2 நைட் டோக்கன் ஒன்றை, அதாவது கார்டு இல்லாமலேயே ஒரு கிரீச்சரை, இறக்கலாம். +2/+2 மட்டும் பார்த்தால் சரி. 1993-லேயே ஜயன்ட் க்ரோத் என்ற கார்டு ஒரே மனாவுக்கு (ஸ்பெல் போடச் செலவாகும் சக்தி) +3/+3 கொடுத்துவிட்டது, சார்முக்கு பச்சை, வெள்ளை என இரண்டு மனா வேண்டும். ஆனால் அந்த வரியை மட்டும் பார்த்து யார் இதை டெக்கில் வைக்கிறார்கள்? பவர் 5 அல்லது அதற்கு மேல் உள்ள கிரீச்சர் டிராஃப்டில் (பாக்கெட் பிரித்து, கார்டுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை வைத்தே ஆடும் ஆட்டம்) எத்தனை வரும் என்று மேலே கமெண்டில் ஒருவர் கேட்டிருக்கிறார். வராவிட்டால் எதிராளியே உருவாக்கித் தருவார் சார்! வேளச்சேரியில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில், கார்டு பறக்காமல் இருக்க செருப்பை எல்லாம் பாரம் வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். அவன் 3/3-யால் அட்டாக் செய்தான், நான் 3/3-யால் பிளாக் செய்தேன். சிரித்துக்கொண்டே ஜயன்ட் க்ரோத் போட்டான். அது ரிசால்வ் ஆகி, அதாவது பலித்து, அவன் கிரீச்சர் 6/6 ஆகட்டும் என்று காத்திருந்து, சார்மை வைத்து எக்ஸைல் செய்தேன். அவனுக்கு இரண்டு கார்டு காலி, எனக்கு ஒன்று. பம்ப் வழியில், அதாவது +2/+2 கொடுப்பதில், ஆபத்து உண்டுதான். போட்ட கையோடு எதிராளி பதிலுக்கு நம் கிரீச்சரைக் கொன்றால் நமக்கும் கிரீச்சர், சார்ம் இரண்டும் போச்சு. அந்தப் பயம் இருக்கும் டேபிளில் நான் பம்ப் பக்கமே போவதில்லை, எதிராளி டர்ன் முடியும்போது 2/2 நைட் டோக்கனை இறக்கிவிடுவேன். மூன்று நிற டெக்கில் மட்டும் வேண்டாம், சரியான நிற மனா தரும் நிலக் கார்டு வருவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும்.