கிளாஸ்விட்ஸ் புத்தகத்தின் அட்டையில் மரீயின் பெயரும் இருக்க வேண்டும்

உலகத்தில் எங்கே போர் மூண்டாலும் நம் டைம்லைனில் ஒரு வரி வந்துவிடும். "போர் என்பது வேறு வழிகளில் தொடரும் அரசியல்தான்." கீழே கிளாஸ்விட்ஸ் என்ற பெயர் இருக்கும். உக்ரைன் போர் தொடங்கிய வாரத்தில் எத்தனை பேர் இதைப் பகிர்ந்தார்கள் என்று நினைவிருக்கும். பகிர்ந்தவர்களைக் குறை சொல்ல வரவில்லை. நல்ல வரி, ஆழமான வரி. ஆனால் அந்த வரி உள்ள புத்தகம் நம் கைக்கு வரக் காரணமாக இருந்தவர் அவருடைய மனைவி மரீ. அவரைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதுதான் எனக்கு நெடுநாள் ஆதங்கம். 'போர் குறித்து' என்ற அந்த நூலின் அட்டையில் பதிப்பாசிரியராக அவர் பெயரும் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்ல, அந்தக் குடும்பத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கார்ல் ஃபான் கிளாஸ்விட்ஸ், அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் ராணுவத்தில் ஸ்டாஃப் அதிகாரி. கல்யாண வீட்டில் அரிசி எத்தனை மூட்டை, பந்தி எப்போது, வண்டி யாரை எங்கே ஏற்றிவர வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் ஒருவர் பின்கட்டில் இருப்பார் அல்லவா, போர்க்களத்தில் அந்த வேலை ஸ்டாஃப் அதிகாரியுடையது. எந்தப் படை எந்தச் சாலையில் போகும், ரொட்டி எங்கிருந்து வரும், பாலம் உடைந்தால் என்ன செய்வது எல்லாம் அவர் எழுதுவார். தளபதி கையெழுத்துப் போடுவார். வெற்றி வந்தால் தளபதியின் பெயர் சரித்திரத்தில் ஏறும். கிளாஸ்விட்ஸ் தன் ஆயுளின் பெரும்பகுதியை இப்படி அடுத்தவர் பெயருக்குப் பின்னால்தான் கழித்தார். பெரிய படை ஒன்றைத் தன் பொறுப்பில் நடத்தும் வாய்ப்பு கடைசிவரை கிடைக்கவில்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

1780இல் மாக்டபர்க் அருகே புர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஏழாண்டுப் போரில் காயம்பட்டு வந்த பழைய லெப்டினன்ட், பிறகு வரி வசூல் அலுவலகத்தில் உத்தியோகம். பெயரில் 'ஃபான்' என்று பிரபுக்களுக்குரிய அடைமொழி இருந்ததே தவிர, அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அரசர் அதை முறைப்படி அங்கீகரித்தது 1827இல்தான். பையனைப் பன்னிரண்டு வயதிலேயே ராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள். 1793இல் மைன்ஸ் முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக நின்றபோது பதின்மூன்று வயதுகூட முழுதாக ஆகவில்லை. சகோதரர்களில் இருவரும் ராணுவத்துக்கே போனார்கள், பின்னாளில் அவர்களும் ஜெனரல் ஆனார்கள். பணமோ செல்வாக்கோ இல்லாத வீட்டிலிருந்து மூன்று ஜெனரல்கள் வந்தது அந்தக் காலப் பிரஷ்யாவில் சாதாரணம் இல்லை.

1801இல் பெர்லின் ராணுவப் பள்ளியில் சேர்ந்தது வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. அங்கே ஆசிரியர் ஷார்ன்ஹோர்ஸ்ட். அவரும் பிரபு குடும்பம் இல்லை, உழைத்து மேலே வந்தவர். மாணவனின் அறிவைப் பார்த்துத் தூக்கிவிட்டார். வகுப்பில் முதலாவதாகத் தேறி, அவுகுஸ்ட் என்ற பிரஷ்ய இளவரசரின் உதவி அதிகாரி ஆனார் கிளாஸ்விட்ஸ். அந்தப் பதவியால்தான் அரண்மனை வட்டாரத்தில் கால் வைக்க முடிந்தது. 1803 இறுதியில் மரீயைச் சந்தித்ததும் அங்கேதான்.

மரீ ஃபான் ப்ரூல் வேறு உலகம். அவருடைய தாத்தா, இன்னொரு ஜெர்மன் அரசான சாக்சனியின் முதலமைச்சராக இருந்த ஹைன்ரிஷ் ஃபான் ப்ரூல். அப்பா பிரஷ்ய இளவரசரின் வளர்ப்பு ஆசிரியர். அம்மா ஆங்கிலேயர். மரீ பிறந்தது வார்சாவில், 1779இல். கிளாஸ்விட்ஸைவிட ஒரு வயது மூத்தவர். ஓவியம், மொழிகள், இலக்கியம் என்று நல்ல படிப்பு. இந்தப் பெண்ணை வரி அதிகாரி மகனுக்குக் கொடுப்பதா என்று அம்மா பிடிவாதமாக நின்றார். காத்திருந்தார்கள், ஏழு வருடம். 1810 டிசம்பரில்தான் கல்யாணம்.

அந்த ஏழு வருடத்தில் நடந்தது கொஞ்சமல்ல. 1806 அக்டோபரில் யேனாவிலும் அவுவர்ஷ்டெட்டிலும் நெப்போலியன் பிரஷ்ய ராணுவத்தை ஒரே நாளில் நொறுக்கினார். பின்வாங்கும்போது பிரென்ஸ்லாவ் பக்கம் இளவரசரோடு சேர்ந்து கிளாஸ்விட்ஸும் பிடிபட்டு, பிரான்சில் போர்க்கைதியாக இருந்தார். அங்கிருந்து மரீக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் ஒன்று புரியும். அவை காதல் கடிதங்கள் மட்டும் இல்லை. நம் நாடு ஏன் தோற்றது, ராணுவம் எதனால் உளுத்துப்போனது, மக்கள் ஏன் ஒதுங்கி நின்றார்கள் என்றெல்லாம் விவாதிக்கிறார். பிறகு புத்தகமாக வரப்போகும் சிந்தனைகளில் பல முதலில் மரீயிடம்தான் பேசப்பட்டன. மரீயும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் இல்லை, பதிலுக்குத் தன் கருத்தை எழுதியவர்.

1812இல் பிரஷ்ய அரசர் நெப்போலியனுடன் கூட்டுச் சேர்ந்தார். கிளாஸ்விட்ஸ் பதவியை உதறிவிட்டு, ரஷ்ய ராணுவத்தில் போய்ச் சேர்ந்தார். ரஷ்ய மொழி தெரியாது. அவருடைய சகோதரர்கள் எதிர்ப்பக்கத்தில், நெப்போலியனோடு போன பிரஷ்யப் படையில் இருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகாத மனைவி பெர்லினில். அரசரின் கோபம் தன்மேலும் விழும் என்று தெரிந்தும் மரீ அந்த முடிவுக்குத் துணை நின்றார்.

அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் நடந்த ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெப்போலியனின் படை ரஷ்யப் பனியில் சிதைந்து திரும்புகிறது. அதோடு போன பிரஷ்யப் பிரிவின் தளபதி யோர்க், ரஷ்யர்களோடு உடன்படுவதா வேண்டாமா என்று தவிக்கிறார். ரஷ்யத் தரப்பிலிருந்து கடிதத்தோடு வந்து நிற்பவர் கிளாஸ்விட்ஸ். யோர்க் கேட்கிறார்: நீ ஒரு பிரஷ்யன், இந்தக் கடிதம் உண்மையானதா? சொன்ன நாளில் ரஷ்யப் படை சொன்ன இடத்தில் இருக்குமா? கிளாஸ்விட்ஸ் சொன்ன பதிலை அவரே எழுதி வைத்திருக்கிறார். கடிதம் உண்மையானது என்பதற்கு நான் உத்தரவாதம். ஆனால் படைகள் அந்த நாளில் அங்கே வந்து சேருமா என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது. போரில் போட்ட திட்டத்தை முழுதாக எட்ட முடியாமல் போவது சகஜம் என்று தங்களுக்கே தெரியும். யோர்க் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையை நீட்டினார். டவுரோகன் உடன்பாடு டிசம்பர் 30இல் கையெழுத்தானது, பிரஷ்யா நெப்போலியனை விட்டு விலகும் கதவு திறந்தது. ஒரு பொய் சொல்லியிருந்தால் காரியம் இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. நான் அவர்மேல் வைத்திருக்கும் மரியாதைக்கு இந்த ஒரு பதில் போதும்.

இவ்வளவு செய்தும் அரசர் மன்னிக்கவில்லை. 1814 வரை பிரஷ்ய ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. 1815இல் தீல்மானின் மூன்றாம் படைப்பிரிவுக்கு ஸ்டாஃப் தலைவர் ஆனார். வாட்டர்லூவில் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற அதே நாளில், வாவ்ர் என்ற ஊரில் ஏறத்தாழ 17,000 பேரை வைத்துக்கொண்டு, குரூஷியின் கீழிருந்த சுமார் 33,000 பிரெஞ்சு வீரர்களைத் தீல்மானின் பிரிவு மல்லுக்கட்டி நிறுத்தியது. அந்தப் படை வாட்டர்லூவுக்குப் போய்ச் சேரவில்லை. சரி, வாவ்ரை எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு வந்தது அமைதிக்காலம். 38 வயதில் ஜெனரல் பதவி உயர்வு, பெர்லின் ராணுவக் கல்லூரிக்கு இயக்குநர். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது நிர்வாக வேலை, பாடத்திட்டத்தில் கை வைக்க அதிகாரம் இல்லை. லண்டனுக்குத் தூதராகப் போக ஆசைப்பட்டார், அதுவும் நடக்கவில்லை. சீர்திருத்தக்காரர் என்ற சந்தேகம் அரண்மனையில் தீரவே இல்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தில்தான் புத்தகத்தின் பெரும்பகுதி எழுதப்பட்டது. மரீயின் அறையில் உட்கார்ந்து எழுதுவார் என்று சொல்வார்கள். உயிரோடு இருக்கும்போது அதை வெளியிட அவருக்கு விருப்பம் இல்லை. மரீ வற்புறுத்தியபோது, "நீதான் அதை வெளியிட வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். தான் முந்திப் போய்விடுவேன் என்று அவர் சொல்வதாகவே மரீக்குப் பட்டது. இதைச் சொல்வது மரீயேதான், நூலின் முன்னுரையில்.

1830இல் பீரங்கிப் படைப் பொறுப்புக் கொடுத்து பிரெஸ்லாவுக்கு மாற்றினார்கள். கிளாஸ்விட்ஸ் எழுதியதையெல்லாம் பொட்டலங்களாகக் கட்டி முத்திரை வைத்தார். அந்த ஆண்டே போலந்தில் கிளர்ச்சி வெடிக்க, எல்லையில் நிறுத்திய படைக்கு க்னைசனாவ் தளபதி, கிளாஸ்விட்ஸ் மறுபடியும் ஸ்டாஃப் தலைவர். 1831 ஆகஸ்டில் காலரா க்னைசனாவைக் கொண்டுபோனது. நவம்பரில் பிரெஸ்லாவுக்கு, மரீயிடம் திரும்பினார் கிளாஸ்விட்ஸ். பத்து நாள்கூட ஆகவில்லை, நவம்பர் 16இல் அவரும் போய்விட்டார். வயது 51. வாழ்க்கையைப் பெரும் பாரம்போல் அவர் தள்ளிவிட்டது போலிருந்தது என்று மரீ எழுதினார். படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும் வரி அது.

குழந்தைகள் இல்லை. முத்திரை வைத்த பொட்டலங்கள் மட்டும் மிச்சம்.

மரீ பிரித்துப் பார்த்தபோது கிடைத்தது முடிந்த புத்தகம் இல்லை. முதல் ஆறு பகுதிகள் இன்னும் உருவம் பெறாத குவியல், அவற்றைத் திருத்தி எழுத வேண்டும் என்று 1827இல் கிளாஸ்விட்ஸே குறித்து வைத்திருந்தார். தேதியில்லாத இன்னொரு குறிப்பு, முதல் பகுதியின் முதல் அத்தியாயத்தை மட்டுமே முடிந்ததாகக் கருதலாம் என்கிறது. எந்தப் பொட்டலத்தை எங்கே வைப்பது, எந்தத் திருத்தத்தை எங்கே சேர்ப்பது என்று யாராவது முடிவெடுத்தாக வேண்டும். மரீ தன் தம்பியின் உதவியோடும், ஓ'எட்ஸல் என்ற மேஜரின் உதவியோடும் அந்த வேலையைச் செய்தார். கணவர் இறந்து எட்டு மாதம் ஆகுமுன், 1832 ஜூன் 30 அன்று, பாட்ஸ்டாம் பளிங்கு மாளிகையில் உட்கார்ந்து முன்னுரைக்குத் தேதி போட்டார். அப்போது அரண்மனைக் குழந்தை ஒன்றை வளர்க்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. பின்னாளில் மூன்றாம் ஃபிரெடெரிக் பேரரசர் ஆன குழந்தை.

இப்படிப்பட்ட நூலுக்கு ஒரு பெண்ணின் கை முன்னுரை எழுதத் துணிவது வியப்பாக இருக்கும், அது நியாயம்தான் என்றே முன்னுரை தொடங்குகிறது. தன்னைத் தாழ்த்தித்தான் எழுதுகிறார். அந்தக் காலத்தில் வேறு எப்படி எழுதியிருக்க முடியும்? அந்தப் பணிவை நம்பிக்கொண்டு நாமும் அவரைத் தாழ்த்தி வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

"என்ன பெரிய வேலை, இருந்ததை அச்சுக்குக் கொடுத்தார்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தேதியில்லாத அந்தக் குறிப்பு "மிகச் சமீபத்தியதாகத் தோன்றுகிறது" என்று முதல் பதிப்பில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. அது சரியா, கிளாஸ்விட்ஸ் தன் கோட்பாட்டை எந்த ஆண்டு மாற்றிக்கொண்டார் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை மல்லுக்கு நிற்கிறார்கள். அந்த ஒரு வரியின் பலம் அவ்வளவு. பத்துத் தொகுதிகளாக வந்த அவருடைய எழுத்துகளில் முதல் மூன்றுதான் 'போர் குறித்து'. மரீ 1836 ஜனவரியில் டிரெஸ்டனில் காலமானார். கடைசித் தொகுதி வந்தது 1837இல்.

அவர் போன பிறகு என்ன நடந்தது தெரியுமா? 1853இல் வந்த இரண்டாம் பதிப்பில் சில இடங்களில் கை வைத்துவிட்டார்கள். தளபதியை அமைச்சரவையில் சேர்ப்பது எதற்காக என்று ஓர் இடம் வருகிறது. தளபதியின் முக்கியமான முடிவுகளில் அமைச்சரவை பங்கெடுப்பதற்காக என்பது கிளாஸ்விட்ஸ் எழுதியது. அமைச்சரவையின் முடிவுகளில் தளபதி பங்கெடுப்பதற்காக என்று அதை அப்படியே தலைகீழாக்கிவிட்டார்கள். ராணுவம் அரசியலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற நூலில் இப்படி ஒரு மாற்றம்! ஜெர்மன் ராணுவத்தினர் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் படித்தார்கள். 1952இல் ஹால்வெக் என்ற அறிஞர் முதல் பதிப்பை ஆதாரமாக வைத்துத்தான் மூலத்தை மீட்டார். மீட்பதற்கு ஒரு முதல் பதிப்பு இருந்ததே, அது மரீ கொடுத்தது.

அதனால் இந்த நூலை வாங்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாங்குமுன் மரீயின் முன்னுரை அந்தப் பதிப்பில் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் வேறு பதிப்பு வாங்குங்கள். சில பக்கம்தான், முதலில் அதைப் படித்துவிட்டு அப்புறம் கிளாஸ்விட்ஸிடம் போங்கள். இதைத் தமிழில் கொண்டுவர யாராவது உட்கார்ந்தால், அந்தச் சில பக்கத்தை விட்டுவிடாதீர்கள், அட்டையில் அவர் பெயரையும் போடுங்கள்.