கணக்கில் வராத ஐந்தாம் இடம்

காணும் பொங்கலன்று நடந்த விழாவின் வீடியோவை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். அதனால் எந்த ஊர், எந்த மேடை, யார் பேசியது என்றெல்லாம் நான் மறுபடி எழுதப்போவதில்லை. மெடல் வாங்கிய ஒரு பிள்ளையைப் பாராட்ட மேடைக்குக் கூப்பிட்டுவிட்டு, மைக்கைப் பிடித்தவர் சொன்ன ஒரு வரிதான் நான்கு நாளாக மனதில் கிடந்து அறுக்கிறது. "வயக்காட்ல ஓடினதுக்கெல்லாம் ஒரு மெடலா? டிராக்ல ஓடி ஜெயிச்சுட்டு வாம்மா, அப்பறம் பொன்னாடை போத்தறேன்." கூட்டம் சிரித்தது. மாநில அளவில் கிராஸ் கன்ட்ரியில், அதாவது டிராக் இல்லாமல் வயல், மேடு, பள்ளம் என்று ஓடுகிற நெடுந்தூர ஓட்டத்தில், மூன்றாவதாக வந்த பிள்ளை, நீட்டிய கையை மடக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

வீடியோ அதோடு முடிந்துவிடுகிறது. பிறகு நடந்தது அதில் இல்லை. பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் ஓரமாக நின்றுகொண்டு, டம்ளரை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "டீச்சர், அப்ப நான் ஓடினது கணக்குல வராதா?"

வரும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த மேடைக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 2026 ஜனவரி 10-ஆம் தேதி, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டல்லாஹசி என்ற ஊரில் உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப் நடந்தது. ஆண்கள் ஓட்டத்தில் உகாண்டாவின் ஜேக்கப் கிப்லிமோ ஜெயித்தார். 2023-இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட், 2024-இல் செர்பியாவின் பெல்கிரேடு, இப்போது இது. வரிசையாக மூன்று. பெண்கள் ஓட்டத்தில் கென்யாவின் ஆக்னஸ் என்கெடிச், இரண்டாவதாக வந்தவரை 40 விநாடிக்கு மேல் பின்னால் விட்டுவிட்டு வந்தார். இரண்டு ஓட்டமும் பத்து கிலோமீட்டர். அவர்கள் ஓடியது சிவப்பு ரப்பர் தரையில் இல்லை. புல், மணல், சேறு, மேடு பள்ளம். அதாவது ஐயா, நீங்கள் வயக்காடு என்று சொன்னீர்களே, கிட்டத்தட்ட அதில்தான்.

ஆக்னஸ் என்கெடிச்சைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிராஸ் கன்ட்ரியில் குழுவுக்கென்று தனியாக ஒரு கணக்கு உண்டு. ஒரு நாட்டுக்கு ஆறு பேர் ஓடுவார்கள். அவர்களில் முதலில் வரும் நான்கு பேருடைய இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அந்தக் குழுவுக்குத் தங்கம். 2024-இல் பெல்கிரேடில் பெண்கள் ஓட்டத்தின் முதல் ஐந்து இடமும் கென்யாவுக்கே. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, கூட்டினால் பத்து. அதற்குக் குறைவாக எந்த நாட்டாலும் எடுக்க முடியாது. அன்றைக்கு ஐந்தாவதாக வந்தவர்தான் இந்த என்கெடிச். உலகத்திலேயே ஐந்தாவதாக வந்தும் அவர் இடம் அந்தப் புள்ளிக் கணக்கில் சேரவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர்தான் சாம்பியன். இதை அந்தப் பிள்ளையிடம் டிரம் பக்கத்திலேயே வைத்துச் சொன்னேன். பதில் ஒன்றும் பேசவில்லை, தண்ணீரை மட்டும் குடித்தாள்.

சரி, "டிராக்கில் ஓடி ஜெயித்து வா" என்ற பேச்சுக்கு வருகிறேன். டிராக்கில் ஜெயித்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்போம். எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலே 2002 முதல் 2006 வரை ஐந்து வருடம் உலக கிராஸ் கன்ட்ரியில் நீள ஓட்டம், குறுகிய ஓட்டம் இரண்டையும் சேர்த்தே ஜெயித்தார். அதே காலத்தில்தான் டிராக்கில் 5000, 10000 மீட்டர் உலக சாதனைகளையும் எடுத்தார். 5000 சாதனை 16 வருடம் அசையாமல் நின்றது. 2020-இல் அதை உடைத்தது யார்? உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகய். அவரும் 2019-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் கிராஸ் கன்ட்ரி தங்கம் வாங்கியவர். பெண்களில் கென்யாவின் பீட்ரிஸ் செபெட்: 2023, 2024 இரண்டு முறையும் உலக கிராஸ் கன்ட்ரியில் தங்கம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 5000, 10000 இரண்டிலும் தங்கம், 2025-இல் 5000 மீட்டரை 14 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண். இவர்கள் யாரும் வயலை விட்டுவிட்டு டிராக்குக்குப் போனவர்கள் இல்லை. வயலில் ஓடிக்கொண்டே டிராக்கிலும் ஜெயித்தவர்கள்.

"ஒலிம்பிக்கிலேயே இல்லாத போட்டிதானே" என்று ஒருவர் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார். இருந்தது. 1912, 1920, 1924 மூன்று ஒலிம்பிக்கிலும் இருந்தது. 1924-இல் பாரிஸில் கொளுத்தும் வெயிலில் 38 பேர் ஓட ஆரம்பித்து 15 பேர்தான் முடித்தார்கள். வழியிலேயே மயங்கி விழுந்தார்கள். அதோடு எடுத்துவிட்டார்கள். லேசான போட்டி என்பதால் எடுத்துவிடவில்லை, அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் ஓடிய கதையை இங்கே பலமுறை சொல்லியிருக்கிறேன், ஆனால் முழுதாகச் சொன்னதில்லை. 1997, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. எங்கள் ஆறு பேரில் இரண்டு பேரிடம்தான் ஷூ இருந்தது. எனக்கு வெறுங்கால். ஆற்றங்கரையில் ஏறி, தென்னந்தோப்புக்குள் நுழைந்து, அறுப்பு முடிந்த வயலைக் குறுக்கே கடந்து, வாய்க்காலில் இறங்கி ஏறித் திரும்ப வேண்டும். அறுத்த தாள் மேல் ஓடியவர்களுக்குத்தான் அது தெரியும். பாதத்தை நேராக வைத்தால் குத்தும். கொஞ்சம் சாய்த்துத் தாளை மடக்கிக்கொண்டே காலை வைக்க வேண்டும். வரப்பு வந்தால் தாவக் கூடாது, தாவினால் மூச்சு போய்விடும்; வேகம் குறையாமல் அப்படியே மிதித்து ஏறி இறங்க வேண்டும். இதை எனக்கு எந்தக் கோச்சும் சொல்லித்தரவில்லை. அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போன காலிலேயே அது வந்துவிட்டது.

மதகுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தேன். வலது கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. சேறு அப்பியிருந்ததால் ரத்தம் தெரியவில்லை, முடித்த பிறகு கழுவும்போதுதான் பார்த்தேன். ஒன்பதாவதாக வந்தேன். எங்கள் நான்கு பேருடைய இடம் 3, 5, 9, 14. கூட்டினால் 31. எதிர்க் கல்லூரியில் முதல் இடமும் இரண்டாம் இடமும் அவர்களுக்கே, ஆனால் அடுத்த இருவர் 13, 17. கூட்டினால் 33. கோப்பை எங்களுக்கு! கடைசி நூறு மீட்டரில் எங்கள் நான்காவது பிள்ளை பதினாறாவது இடத்தில் இருந்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டினாள். அவள் தாண்டாமல் இருந்திருந்தால் 33-க்கு 33. முதலில் வந்தவளைவிடப் பதினாலாவதாக வந்தவளைத் தூக்கிக் கொண்டாடுகிற விளையாட்டு இது. எனக்கு இதன் மேல் இருக்கிற பிரியம் அன்று ஆரம்பித்தது.

கல்லூரி ஆண்டு விழாவில் நூறு மீட்டர், இருநூறு மீட்டரில் ஜெயித்தவர்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. கேட்டதற்கு நேரமில்லை என்றார்கள். ஆறு பேரும் புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தோம். இருபத்தெட்டு வருடம் ஆகிவிட்டது. அதனால்தான் அந்தப் பிள்ளை கையை மடக்கிக்கொண்டதைப் பார்த்ததும் எனக்கு அப்படி வந்தது.

"அவர் விளையாட்டாகச் சொன்னார் டீச்சர், இதைப் போய்ப் பெரிசாக்குகிறீர்களே" என்று நேற்று இரண்டு பேர் போன் செய்தார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை விளையாட்டாக ஓடவில்லையே. மார்கழி முழுக்க, தெருவில் கோலம் போட ஆள் எழுந்திருக்கும் முன்பே எழுந்து, பனியில் கரையெல்லாம் ஈரமாக இருக்கும்போது ஓடியவள். அவளைக் கூப்பிட்டு, பெயரைச் சொல்லி, மேடையேற்றி, அப்புறம் விளையாடுவதா?

"டிராக்கில் ஜெயித்தால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும், அவர் நடைமுறையைச் சொன்னார்" என்கிறார்கள். இது உண்மைதான், மறுக்கவில்லை. அவளும் டிராக்கில் 3000 மீட்டர் ஓடுகிறாள். ஆனால் எங்கள் ஊரிலிருந்து சிந்தெடிக் டிராக்குக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் போகலாம். மற்ற ஆறு நாளும் அவளுக்கு இந்த மண்தான்.

"கென்யாக்காரன் மலையில் பிறந்தவன், கடல் மட்டத்தில் இருக்கிற நமக்கு எதற்கு இந்த ஆசை" என்பவர்களுக்கு: டல்லாஹசியில் ஆண்களும் பெண்களும் ஒரே குழுவாக மாறி மாறி ஓடுகிற கலப்புத் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியது ஆஸ்திரேலியா. 2007-இல் கென்யாவின் கடற்கரை ஊரான மொம்பாசாவில் இதே சாம்பியன்ஷிப் நடந்தபோது அந்தப் புழுக்கத்தில் பெக்கெலேயே முடிக்க முடியாமல் நின்றுவிட்டார். ஜெயித்தவர் எரித்திரியாவின் செர்செனாய் டடெசே. புழுக்கத்தில் ஓடுவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "டெல்டா தட்டை பூமி, மேடு எங்கே இருக்கிறது" என்றால், ஆற்றங்கரை இருக்கிறது. ஆர்ஹுஸில் ஒரு மியூசியத்தின் சரிந்த கூரை மேல் புல் வளர்ந்திருக்கிறது, அதன் மேலேயே ஏற்றி ஓடவிட்டார்கள். பாமணி ஆற்றுக் கரையில் பத்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள், பிறகு பேசலாம். பாம்பு, நாய், முள் எல்லாம் இருக்கிறதே என்று பெற்றவர்கள் கேட்டால் மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் டார்ச்சோடு முன்னால் சைக்கிளில் போகிறேன், அவ்வளவுதான்.

எனக்கு வலித்தது போட்டியைக் குறைத்துப் பேசியது மட்டும் இல்லை. "வயக்காடு" என்று அவர் சொன்ன தொனி. சம்பாவும் தாளடியும் விளைகிற ஊரில், பொங்கல் மேடையில், புதுநெல் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வயக்காடு என்பதை ஒரு குறையாகச் சொல்ல எப்படி வாய் வந்தது? கூட்டம் எப்படிச் சிரித்தது? சிரித்தவர்களில் பாதிப் பேர் மறுநாள் அறுப்புக்குப் போக வேண்டியவர்கள். சேற்றில் கால் வைப்பது கேவலம் என்று நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டோம். ஸ்கூலுக்குக் காலில் சேறோடு வந்தால் திட்டுகிறோம். நானும் திட்டியிருக்கிறேன், அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து போன லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வர் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். அடுத்த வருடம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், கோட்டுக்கு உள்ளே கால் வைத்தார் என்று வெண்கலத்தைப் பறித்தபோது நாம் எல்லோரும் பொங்கினோம். நெடுந்தூரம் ஓடுகிற ஒரு மனிதனின் கால் என்ன பாடுபடும் என்று அன்று நமக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பிள்ளையின் கால் மட்டும் ஏன் தெரியவில்லை?

"உங்கள் மாணவி என்பதால் பேசுகிறீர்கள்" என்று எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஆமாம், என் மாணவிதான். அவளுக்காக நான் பேசாமல் யார் பேசுவது?

பாதர்ஸ்டில் 2023-இல் நடந்ததை அவளுக்கு என் போனில் போட்டுக் காட்டினேன். எத்தியோப்பியாவின் லெடெசென்பெட் கிடே முதலில் வந்துகொண்டிருக்கிறார். கோடு கண்ணுக்கு எதிரே, இன்னும் சில மீட்டர்தான். கால் மடங்கி அப்படியே விழுகிறார். பின்னால் வந்த செபெட் தாண்டிப் போய்விடுகிறார். அவள் அதை மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாள். "கடைசி மேட்டுலயே அவங்களுக்குக் கால் போயிடுச்சு டீச்சர், பாருங்க, தோள் ஏறியிருக்கு" என்றாள். எனக்கு அது தெரியவே இல்லை. மறுபடி பார்த்தேன், தோள் ஏறித்தான் இருந்தது.

நேற்று சாயங்காலம் ஆற்றோரம் நிலம் வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரும் வீடியோ பார்த்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நெல்லுக்குள்ள தெளிச்ச உளுந்து மொளச்சு வருதும்மா, அதுல மட்டும் கால் வைக்க வேணாம்னு புள்ளைங்ககிட்ட சொல்லு. கீழப்பக்கம் மூணு மா நெலம் தெளிக்காம கெடக்கு. மெஷின் அறுத்துட்டுப் போனதும் தாளோட அப்படியே விட்டுடறேன், ஓடட்டும்" என்றார். வெள்ளிக்கிழமை அறுப்பு. அவளிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு வருகிறாள்.