கூனிப் படையும் இமை வைத்த மீனும்

எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தன்னார்வக் குழு வந்து, மீன் ஏலக்கூடத்துச் சுவரில் இரண்டு நாள் ஓவியம் வரைந்துவிட்டுப் போனது. நல்ல பிள்ளைகள்தான். சுவர் முழுக்க ஒரு நீல மீன், கண்ணைச் சுற்றி நீளநீளமாக இமைமயிர். பெரியப்பா வலையில் சிக்கு எடுத்துக்கொண்டே ஏறிட்டுப் பார்த்தார். "மீனுக்கு ஏதுடா இமை?" அவ்வளவுதான் கேட்டார். மீன்போல இமைக்காத கண் என்பதால்தான் மதுரை மீனாட்சிக்கு அந்தப் பெயர் வந்தது என்று எங்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வரைந்தவர்களில் ஒருவராவது பத்தடி தள்ளிக் கூடையில் கிடந்த மீனைக் குனிந்து பார்த்திருக்கலாம். உப்புக்காற்றில் அந்தச் சாயம் இரண்டு ஐப்பசி தாங்கவில்லை, செதில் செதிலாக உரிந்துவிட்டது. குழு திரும்ப வரவில்லை.

அதிலிருந்து, 'கடலோர மக்களிடம் கலையைக் கொண்டு சேர்க்கிறோம்' என்று யார் பதிவு போட்டாலும் எனக்கு அந்த இமைதான் கண்முன் வரும். இந்த எரிச்சலைக் கொஞ்சம் தணித்தது, ஜப்பானில் ஒரு கலைவிழாவில் நான் பார்த்த தன்னார்வக் கூட்டம். அவர்களுக்குப் பெயர் 'கோஎபி தாய்'. 'தாய்' என்றால் அங்கே படை, நம் தாய் இல்லை. 'கோஎபி' என்றால் குட்டி இறால். நம் பக்கத்தில் கூனி என்போமே, அதுதான். கூனிப் படை!

ஜப்பானின் பெரிய தீவுகளுக்கு நடுவே செதோ உள்நாட்டுக் கடல் இருக்கிறது. குளம் மாதிரி அமைதியான கடல், அதில் நூற்றுக்கணக்கான சின்னத் தீவுகள். இளைஞர்கள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட, தீவுகளில் பாட்டிகளும் பூட்டிய வீடுகளும்தான் மிச்சம். 2010இலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை இங்கே செதோஉச்சி திரியன்னாலே என்ற கலைவிழா நடக்கிறது. படகு பிடித்துத் தீவு தீவாகப் போய்ப் பார்க்க வேண்டும். இதன் பொது இயக்குநர் ஃபுராம் கிதகாவா அதற்கு முன்பே, 2000இல், எச்சிகோ-த்சுமாரி என்ற மலைக் கிராமப் பகுதியில் இதே போல ஒரு விழா நடத்தியவர். அங்கே வேலை செய்த தன்னார்வலர்களுக்குப் பெயர் 'கோஹெபி தாய்', குட்டிப் பாம்புப் படை. மலையில் பாம்பு, கடலுக்கு வந்ததும் இறால். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

இந்தத் தீவுக்காரர்கள் வெளியூர்க் கூட்டத்தைப் பார்த்ததும் வாசலைத் திறந்துவிடுகிற ஜாதி இல்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. நகரம் தனக்கு வேண்டாததையெல்லாம் படகில் ஏற்றி இங்கேதான் அனுப்பியது. நவோஷிமாவுக்கு 1917இல் தாமிர உருக்காலை வந்தது. புகையில் மரங்கள் கருகின. ஓஷிமாவுக்குத் தொழுநோயாளிகளை அனுப்பினார்கள். 1909இல் தொடங்கிய மருத்துவமனை அது. மருந்து கண்டுபிடித்து நோய் குணமான பிறகும், 1996 வரை அவர்களை அடைத்து வைக்கச் சட்டம் இருந்தது. தேஷிமா கதை இன்னும் கொடுமை. 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990 வரை ஒருவர் தொழிற்சாலைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டி எரித்துக்கொண்டே இருந்தார். ஊர் ஜனங்கள் கத்தியதை மாவட்ட நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2000இல்தான் சமரச உடன்பாடு ஏற்பட்டது. கழிவைக் கப்பலில் அள்ளி முடிக்க 2017 ஆயிற்று. மொத்தம் 9 லட்சம் டன்னுக்கு மேல். தேஷிமா என்றால் 'வளமான தீவு' என்று பொருள். பேப்பர்காரர்கள் அதைக் 'குப்பைத் தீவு' ஆக்கிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் போய் "கலை கொண்டு வந்திருக்கிறோம்" என்றால் என்ன சொல்வார்கள்? "இதையும் கொட்டிவிட்டுப் போகப் போகிறீர்களா?" என்றுதானே முதலில் தோன்றும்?

நான் ஒசாகாவில் கணினி வேலை பார்க்கிறேன். 2019 அக்டோபரில் ஒரு வார இறுதிக்குக் கூனிப் படையில் பெயர் கொடுத்தேன். ஓவியம் வரையத் தெரிய வேண்டியதில்லை. ஜப்பானிய மொழிகூட அரைகுறை போதும். தைவான், ஹாங்காங்கிலிருந்து விமானச் செலவு போட்டு வருகிறவர்களே நிறைய. காலையில் தகமாட்சு துறைமுகத்தில் வட்டமாக நிற்க வைத்து யார் எந்தத் தீவு என்று சொல்கிறார்கள். கையில் ஒரு பை கொடுக்கிறார்கள். அதில் சாவி, முத்திரைக் கட்டை, ஆள் எண்ணுகிற கருவி, துடைக்கிற துணி. எனக்கு ஓகிஜிமா. நாற்பது நிமிடப் படகுப் பயணம்.

அந்தத் தீவில் கரையிலிருந்தே மேடு ஆரம்பித்துவிடுகிறது. சந்துகள் எல்லாம் படிக்கட்டு, கார் நுழையாது. பாட்டிகள் காய்கறி, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் ஒரு தள்ளுவண்டியில் வைத்துத்தான் தள்ளிக்கொண்டு போவார்கள். அதை 'ஒன்பா' என்கிறார்கள். 2010இல் தகமாட்சுக் கலைஞர்கள் சிலர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. எந்தச் சுவரையும் தொடாமல் நேரே அந்த ஒன்பாவுக்குப் போனார்கள். ஒவ்வொரு பாட்டியிடமும் என்ன வேண்டும் என்று கேட்டு, அவரவர் வண்டியை அவரவருக்குப் பிடித்த மாதிரி செய்து வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். கண்காட்சிக்கூடம் எது என்றால், பாட்டி முள்ளங்கி தள்ளிக்கொண்டு போகிற சந்துதான். கலை என்று அதற்குப் பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் முள்ளங்கி வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

என் வேலை ஒரு பழைய வீட்டு வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் விழாக் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவது. உள்ளே ஒரு கலைப்படைப்பு இருந்தது. பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து திண்ணை போன்ற இடத்தில் உட்கார்ந்தார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேற்று ஒரு கூட்டம் தன் வெங்காயப் பாத்தியை மிதித்துவிட்டுப் போனதை ஒரு மணி நேரம் சொன்னார். அந்த வட்டார மொழியில் எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்புறம் தூணில் இருந்த கோடுகளைக் காட்டினார். இந்த வீட்டுப் பிள்ளைகளின் உயரமாம். அந்த வீட்டின் கதவு திறந்து பல வருடம் ஆகியிருந்தது. பாட்டி பார்க்க வந்தது வீட்டைத்தான்.

இதில் எனக்குச் சந்தேகங்களும் உண்டு, மறைக்கவில்லை. பணம் போடுவது அரசும் ஒரு பெரிய கல்வி நிறுவனத்து முதலாளியின் அறக்கட்டளையும். 2019இல் மட்டும் கணக்குப்படி 11 லட்சத்துக்கும் மேல் கூட்டம். அவ்வளவு பெரிய விழாவுக்கு வாசல் காக்க என்னைப் போல ஆட்களைச் சம்பளம் இல்லாமல் நிறுத்துவது நியாயமா? தங்கள் படகிலேயே இடம் கிடைக்காமல் தீவுக்காரர்கள் காத்து நிற்பது நியாயமா? உறுத்தல்தான். தீவுகளில் ஆள் குறைவதும் நின்றுவிடவில்லை.

ஆனால் ஓகிஜிமாவில் மூடிக்கிடந்த பள்ளி 2014இல் மறுபடி திறந்தது. அதற்கு முந்தின வருட விழாவின்போது பிள்ளைகளோடு ஊர் திரும்ப விரும்பிய குடும்பங்கள் கேட்டுத்தான், விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு திறந்தார்கள். இதை விழாவின் சாதனை என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், குடும்பங்கள்தான் அலைந்து திரிந்து கேட்டு வாங்கியவை. ஆனாலும் ஊரில் நாலு பேர் வந்து போய்க்கொண்டிருந்தால்தானே திரும்பலாம் என்ற நினைப்பாவது வரும்?

நான் மெச்சுவது விழா இல்லாத வருடங்களை. கூட்டம் இல்லை, கேமரா இல்லை, ஆனால் கூனிப் படை அப்போதும் படகேறுகிறது. புல் வெட்டுவது, ஊர்த் திருவிழாவில் ஆள் பற்றாத இடத்தில் தோள் கொடுப்பது, ஓஷிமாவில் எண்பது தாண்டிய அந்த முதியவர்கள் வாழ்ந்த கதையை வருகிறவர்களுக்கு நடந்து காட்டிச் சொல்வது. தேஷிமாவில் 'ஷிமா கிச்சன்' என்று ஒரு சாப்பாட்டுக்கடை 2010இலிருந்து ஓடுகிறது. ஊர்ப் பெண்கள்தான் சமையல், அந்தத் தீவின் மீனும் காய்கறியும்தான் சரக்கு. இதெல்லாம் ஓவியமா என்று கேட்டால், இல்லை. ஆனால் இது இல்லாமல் ஓவியத்தை மட்டும் கொண்டு போனால் என்ன ஆகும் என்று எங்கள் ஏலக்கூடத்தில் பார்த்துவிட்டேன்.

போன முறை நான் ஓகிஜிமாவுக்குப் போனது பிப்ரவரியில். விழா இல்லாத வருடம், கடல்காற்று காதை அறுத்தது. மூன்று பேர் மூங்கில் வெட்டிக் கட்டிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். எதிரே ஒரு பாட்டி, வண்ண ஒன்பாவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சாயம் அங்கங்கே போயிருந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சக்கரம் கிறீச்சிடுகிறது, இரண்டு வாரமாகச் சொல்கிறேன் என்று எங்களோடு வந்த பெண்ணைப் பிடித்துத் திட்டினார். அவள் கையுறையைக் கழற்றி, பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, பாட்டி பெயரைப் போட்டு எழுதினாள்: 'சக்கரம். எண்ணெய். அடுத்த சனி.'