சன்னலைத் திறந்தால் போயிற்றா?

இணைவு உலை, அதாவது அணுக்களை ஒன்றாகச் சேர்த்து ஆற்றல் எடுக்கும் உலை குறித்து நண்பர் ஒருவர் நடத்திய நேரலையைப் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். "இணைவு உலையில் வருவது ஹீலியம் மட்டும், பலூனில் அடைக்கிற வாயு" என்றார் நண்பர். ஆர்வக் கோளாறு, போகட்டும். அந்த உலைக்கு எரிபொருளான டிரிட்டியம், அதாவது கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன், கசிந்தால் காற்றோட்ட ஏற்பாடு என்ன என்று ஒரே ஒரு வரி கேட்டேன். "அது ஹைட்ரஜன்தானே, லேசான வாயு, சன்னலைத் திறந்தால் பறந்துவிடும்" என்று பதில் வந்தது. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அறிவாளிகளே, டிரிட்டியம் புழங்கும் அறையில் திறக்கிற சன்னலே வைக்க மாட்டார்கள். அறைக்குள் காற்றழுத்தத்தை வெளியைவிடச் சற்றுக் குறைவாக வைத்திருப்பார்கள். ஆபத்து கூடிய அறைக்கு இன்னும் குறைவு. எங்கே விரிசல் விட்டாலும் காற்று உள்ளே வர வேண்டும், வெளியே போகக் கூடாது. காற்றோட்டம் என்பதற்கு அங்கே அதுதான் பொருள்.

பறந்துவிடுமாம்! வாயுவாக இருக்கும்வரை அது அவ்வளவு பொல்லாததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியானால், அதே அளவைச் சுவாசிக்கிறவருக்குப் பாதிப்பு ஏறத்தாழ 10,000 மடங்கு. உடம்புக்கு அது சாதாரணத் தண்ணீராகத்தான் தெரியும். நுரையீரல் வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். வேடிக்கை என்னவென்றால், கசிந்த வாயுவைப் பிடிப்பதற்கே அதை வினையூக்கியில் விட்டு வேண்டுமென்றே தண்ணீராக்குகிறார்கள். வாயுவைப் பிடிப்பது கடினம், தண்ணீரைப் பிடிக்கலாம். பிறகு ஈரம் உறிஞ்சும் படுகையிலோ, நீர் பொழியும் கோபுரத்திலோ அதை மடக்கிவிட்டுத்தான் காற்றைப் புகைபோக்கிக்கு அனுப்புவார்கள். இவ்வளவு பாடு எதற்கு, சன்னல் இருக்கிறதே!

"உலைக்குள் எரிகிற எரிபொருள் ஒரு நேரத்தில் ஒரு கிராம்கூட இருக்காது" என்பீர்கள். உண்மை. பிரான்சில் இணைவு உலை கட்டிவரும் ஐடெர் வளாகம் முழுவதற்கும் வைத்திருக்கும் டிரிட்டிய உச்சவரம்பு 4 கிலோ என்பதும் உண்மை. நான் கேட்டது இரண்டாவதைப் பற்றி. "கல்பாக்கத்துக் கனநீர் உலைகளிலும்தான் டிரிட்டியம் உண்டாகிறது, அதை ஏன் கேட்கவில்லை?" கேட்கலாம், நேரலை அதைப் பற்றியதல்ல. "இணைவாற்றலின் எதிரி" என்று என்னைப் பற்றி எழுதியவருக்கு மட்டும் ஒன்று: இங்கிலாந்தின் ஜெட் (JET) இணைவு உலை 59 மெகாஜூல் ஆற்றல் தந்த செய்தி 2022இல் வந்தபோது, அதை இதே பக்கத்தில் துள்ளிக் குதித்துப் பகிர்ந்தவன் நான். அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று மனைவி கேட்டாள். முதுகலை படித்தபோது எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு ஃபியூம் ஹுட், அதாவது நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு, இருந்தது. மோட்டார் எரிந்துபோய், பழைய புட்டிகள் அடுக்கும் அலமாரியாகிவிட்டது. ஆய்வக உதவியாளர் அண்ணன் செய்தித்தாள் ஓரத்தை மெல்லிசாகக் கிழித்து அதன் வாயில் பிடித்துக் காட்டினார். காகிதம் உள்பக்கம் சாய வேண்டும், அசையவில்லை. "மூச்சே இல்லை தம்பி" என்றார். அந்த வாரமே புரோமின் புட்டி ஒன்று கை தவறியது. மூன்று நாள் எனக்குக் குரலே இல்லை. புகார் எழுதிக் கொடுத்தோம். துறையிலிருந்து வந்த பதில் இன்றும் நினைவிருக்கிறது: "சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்."

அன்றும் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.