ஒரு எட்டு பாத்துட்டு வந்துருலே

போன வாரம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் சுவிட்சர்லாந்தில் பனிமேல் நின்று எடுத்த படத்தைப் போட்டிருந்தான். கூடவே மனைவி, மகன், மருமகள். இருபத்தெட்டு பேர் கைதட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொருவன் மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்த செய்தி. அதற்கும் வாழ்த்து மழை. இரண்டுக்கும் நடுவில் களக்காட்டுக்காரன் இரண்டு வரி போட்டிருந்தான்: "நம்ம பயலோட அம்மாவுக்கு நேத்து கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. சொட்டு மருந்து நாலு மணி நேரத்துக்கு ஒருக்க."

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பயல் யாரென்றால், பனிமேல் நிற்கிறவன்தான்.

அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. டிக்கெட் ஆறு மாதத்துக்கு முன்பே போட்டது, ஆபரேஷன் தேதி திடீரென்று வந்தது. "நீ போய்ட்டு வாய்யா, இங்க பிள்ளைய இருக்கு" என்று அம்மாவே சொல்லிவிட்டார்கள். இருக்கும் அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

நாங்கள் பாளையங்கோட்டையில் 1991 முதல் 1994 வரை பி.எஸ்ஸி. கணிதம் படித்தவர்கள். நாற்பத்திரண்டு பேர். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல்தான் தொடங்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் படித்த அண்ணன்மார் மதுரை காமராசர் பல்கலைக்கழகச் சான்றிதழோடு போனார்கள். நாங்கள் புதுச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனால், இன்டர்வியூவில் "இது எங்கப்பா இருக்கு?" என்று கேட்பார்கள். அதையும் தாண்டி முக்கால்வாசிப் பேர் ஊரைவிட்டுப் போய் நன்றாக வந்தார்கள். நானும் இரண்டு வருடம் சென்னையில் இருந்தேன். அப்பா திடீரென்று போனதும் திரும்பி வந்து அவருடைய அச்சகத்தைப் பார்த்துக்கொண்டேன். அப்படியே இருந்துவிட்டேன்.

அச்சகம் வைத்திருப்பதில் ஒரு வசதி, வகுப்புச் செய்தி முதலில் எனக்குத்தான் வரும். கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் டெக்சாஸிலிருந்து மூன்று தடவை திருத்தி வரும். பையன் பெயருக்குக் கீழே படிப்பு, கம்பெனி, நாடு எல்லாம் இரண்டு பாயின்ட் பெரிதாக வேண்டும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் நான்தான். அது ராத்திரி பதினோரு மணிக்கு வரும், விடிவதற்குள் சுவரில் இருக்க வேண்டும். அதிலும் மகன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு அமெரிக்கா, துபாய் என்று வந்தாக வேண்டும். ஊரில் இருக்கும் மகன் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் வராது. முப்பது வருடமாக இப்படித்தான் கோத்துக்கொண்டிருக்கிறேன். அது என் கண்ணில் பட்டதே இப்போதுதான்.

2024-இல் முப்பதாவது ஆண்டுச் சந்திப்புக்கு மலர் போட்டோம். எல்லாருக்கும் ஒரு படிவம் அனுப்பினார்கள். தற்போதைய பணி, குடும்பம், சென்ற நாடுகள். வெளியூர்க்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது, சிலரைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. ஊரில் இருக்கும் பதினான்கு பேரில் ஆறு பேர் படிவமே அனுப்பவில்லை. மிச்சப் பேர் "விவசாயம்", "கடை", "தனியார் பள்ளி ஆசிரியர்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார்கள். டவுன்காரன் மட்டும் சென்ற நாடுகள் கட்டத்தில், "ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, இந்த வருஷம் நாலு தடவை, ஒண்ணுகூட என் வீட்டு ஆளுக்கு இல்ல" என்று எழுதியிருந்தான். அதை அப்படியே டைப் செய்தேன். கமிட்டியில் "மலர்ல இது எதுக்குலே" என்று எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

"நீ ஊர்லதான இருக்க, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருலே." இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இங்கிருந்து அம்பாசமுத்திரத்துக்கு ஒரு எட்டு என்றால் 35 கிலோமீட்டருக்கு மேல். அப்பாவைப் பென்ஷன் நேர்காணலுக்குக் கருவூலத்துக்குக் கூட்டிப்போக ஒரு எட்டு, பூட்டிய வீட்டில் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு எட்டு, வாடகைக்காரனிடம் சண்டை போட ஒரு எட்டு. அல்வா தனிக் கணக்கு. நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் வரிசையில் நிற்பது யார் என்று நினைக்கிறீர்கள்?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுவிட்டது. எங்கள் வகுப்பில் ஒருவனின் தங்கை குடும்பம் அதற்குள் இருந்தது. மறுநாள் கரண்ட் இல்லை, பாதிப் பேருக்கு டவர் இல்லை. எனக்கு எப்படியோ ஒரு கோடு இருந்தது. சிங்கப்பூர், லண்டன், பெங்களூரு என்று வரிசையாக ஒரே கேள்வி: "அம்மா போன எடுக்கலலே." டவுன்காரனும் நானும் வண்ணார்பேட்டையில் இடுப்புத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்து நடந்து, ஒரு மாடிப்படியில் மூன்று அம்மாக்களைச் சேர்த்துப் பார்த்தோம். எவர்சில்வர் வாளியில் அடுப்பு மூட்டிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் "எய்யா, நனைஞ்சிட்டியளே, சீனி கம்மியாத்தான் இருக்கு" என்றார்கள்.

1992 நவம்பர் வெள்ளத்தின்போது நாங்கள் இரண்டாம் வருடம். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமாகச் சுலோச்சன முதலியார் பாலத்துக்கு ஓடினோம். அன்றைக்கு எங்களுக்குத் தாமிரபரணி வெறும் வேடிக்கை.

போனவர்களுக்கும் வலி உண்டு, தெரியாமல் பேசவில்லை. ஏர்வாடிப் பக்கத்துக்காரன் சவுதியில், தம்மாமில் இருந்தான். அப்பா இறந்தபோது விடுப்பு கிடைக்கவில்லை. குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்ததிலிருந்து சுடுகாடு வரை செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தது நான். "மாப்ள, கொஞ்சம் கிட்டக்க காட்டு. அப்பா காதுகிட்ட வை." காதுகிட்ட வைத்தேன். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. கை மரத்துப்போய்விட்டது, சார்ஜ் எட்டு சதவீதம் என்று காட்டியது. அடுத்த லீவில் வந்தவன் எனக்கு ஒரு செல்ஃபி ஸ்டிக் வாங்கி வந்து கொடுத்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாங்கி வைத்தேன். அச்சகத்தில் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

ஊரில் இருக்கும் நாங்களும் உத்தமர்கள் இல்லை. வேலையைச் செய்து கொடுத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து அவனவனைக் கிழிகிழி என்று கிழிப்போம். இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்த வீட்டம்மா வேறு, "மூணு நாளா அந்தக் கண்ணு ஆபரேஷன் அத்தைக்கு ரசஞ்சோறு கட்டிக் கொடுத்தது யாரு, உங்க வகுப்பா?" என்று கேட்டாள். நியாயம். அதையும் எழுதிவிட்டேன்.

நன்றி வேண்டும் என்று நான் கேட்கவில்லை, காசு பற்றிப் பேசவே இல்லை. சந்தடி சாக்கில் ஒன்று சொல்கிறேன். 2023 செப்டம்பரில் வந்தே பாரத் வந்ததிலிருந்து சென்னைக்காரர்கள் எட்டு மணி நேரத்துக்குள் திருநெல்வேலி வந்துவிடலாம். வருகிறார்கள், பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி சாஸ்தாவைப் பார்க்க. காலையில் கோயில், மதியம் சொதிச் சாப்பாடு, ராத்திரி ரயில். போகிற வழியில் அச்சக வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "என்னலே, ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடி ஏறிவிடும். அந்தக் கேள்வியை இறங்கி வந்து கேட்டால் ஒரு மணி நேரம் பதில் இருக்கிறது. உன் அப்பா இப்போது எந்தக் கடையில் டீ குடிக்கிறார், சித்தப்பாவோடு ஏன் பேசுவதில்லை, உன் அம்மா எதற்கு உன்னிடம் மட்டும் "நல்லா இருக்கேன்" என்று சொல்கிறார்கள், எல்லாம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அடுத்த மலர் என்னிடம் வந்தால் டவுன்காரன் வரியை முதல் பக்கத்தில் போடுவேன், கமிட்டி வேறு அச்சகம் பார்த்துக்கொள்ளட்டும்.

சரி. களக்காட்டுக்காரன் இன்றைக்குச் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறான். நாலு மணிச் சொட்டு என் முறை. மணி மூன்றே முக்கால். மகாராஜ நகர் ஒரு எட்டுதான், ஆனால் வண்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.