கறுப்பின் மேல் கருநீலம்: யார் கண்ணுக்காக?

கறுப்புத் திரை. அதன்மேல் கருநீல எழுத்து. இதை மனிதர்கள் படிப்பார்கள் என்று யாரோ நம்பியிருக்கிறார். நம்பியதோடு நிற்காமல் ஊரில் உள்ள லினக்ஸ் கணினிகளுக்கெல்லாம் அதையே முன்னிருப்பாக வைத்து அனுப்பியும் விட்டார். கட்டளைகளைத் தட்டும் சன்னலான டெர்மினலைத் திறந்து, கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையைத் தட்டுங்கள். சாதாரணக் கோப்புகள் பளிச்சென்று நிற்கும். படங்கள் ஊதாச்சிவப்பில் மினுக்கும். கோப்புறைகள் மட்டும், எவற்றுக்குள் நுழைவதற்காக அந்தக் கட்டளையையே தட்டினோமோ அவை மட்டும், இருட்டில் பதுங்கியிருக்கும்.

இது என் கண்ணின் கோளாறு என்று சொல்லும் அன்பர்களுக்கு ஒரு கணக்கு. கணினித் திரையின் வெண்மையில் நம் கண் உணரும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு ஏறக்குறைய 72 சதவீதம், சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. தூய நீலத்தை முழு வீச்சில் எரியவிட்டாலும் கறுப்புக்கு எதிரே அதன் மாறுபாடு 2.44-க்கு 1தான். இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் கேட்பதோ 4.5-க்கு 1. முழு வீச்சுக்கே இந்த கதி என்றால், பழைய டெர்மினல்கள் பல பயன்படுத்தும் அரை வீச்சு நீலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ராஜாஜி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், துறைமுகச் சரக்குக்கு ஆவணம் தயாரிக்கும் சிறிய அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்தான், கெட்டிக்காரன். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசையில் நிற்கிறது, ஓட்டுநர் தொலைபேசியில் கத்துகிறார், இங்கே இவன் திரையைப் பார்த்துத் திகைக்கிறான். "அண்ணா, இந்த மாதக் கோப்புறையே இல்லையே. சரி, புதிதாக உருவாக்கலாம் என்று போனால், ஏற்கெனவே இருக்கிறது என்கிறது. இருக்கிறதா, இல்லையா?" இருக்கிறது தம்பி. உன் மூக்குக்கு நேரே இருக்கிறது. மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாகத் திரையில் விழும்போது அந்த நீலம் எவனுக்கும் தெரியாது.

சரி, யாரைக் கேட்பது? இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. 'எல்எஸ்' கட்டளைக்கு நிறமே தெரியாது. கோப்புறை என்றால் '01;34' என்று ஓர் எண்ணை மட்டும் அனுப்புகிறது. 34 என்றால் நீலம், 01 என்றால் தடிமன். எந்த நீலம் என்று அது சொல்வதில்லை. அதைத் தீர்மானிப்பது டெர்மினல். டெர்மினலைக் கேட்டால், 34 கேட்டார்கள், நீலம் கொடுத்தேன் என்கிறது. சில டெர்மினல்கள் தடிமன் என்ற குறிப்பைப் பார்த்ததும் நிறத்தையே வெளிர்நீலமாக்கிக் காப்பாற்றிவிடும். சில எழுத்தை மட்டும் கொழுக்க வைத்து, இருட்டை அப்படியே விட்டுவிடும். எம்.சி. சாலையில் துணி எடுக்கும் எந்தப் பெண்மணியும் நீலச் சேலையைக் கடை விளக்கில் பார்த்து முடிவுசெய்ய மாட்டார், வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்ப்பார். அந்த அளவு அக்கறை இந்த எண்ணை எழுதியவருக்கு இல்லை. நியாயமாகச் சொன்னால், விண்டோஸ் கன்சோலின் நீலத்தை 2017-இல் மைக்ரோசாஃப்ட் வெளிறச் செய்தது. பழைய எக்ஸ்டெர்ம் டெர்மினலிலும் நீலத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கிறார்கள். ஆக, படிக்க முடியவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த 34 அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

நீயே மாற்றிக்கொள்ளேன் என்பார்கள். மாற்றலாம். 'டிர்கலர்ஸ்' என்று ஒரு கருவி இருக்கிறது. அதன் பட்டியலை ஒரு கோப்பில் கொட்டி, வேண்டிய எண்ணைத் திருத்தி, மறுபடி அதற்கே ஊட்டினால், 'எல்எஸ்_கலர்ஸ்' என்ற சூழல் மாறிக்குள் (நிரல்கள் எட்டிப் பார்க்கும் அமைப்புப் பெட்டி) அனுமார் வால் போல ஒரு சரம் போய் உட்காரும். கோப்புறைக்கு 'டிஐ', வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்புக்கு 'எல்என்', இயக்கக்கூடியதற்கு 'இஎக்ஸ்', பிறகு கோப்பு நீட்டிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு, இடையிடையே முக்காற்புள்ளி. இதில் 'எல்எஸ்'ஸுக்குப் புரியாத ஈரெழுத்துச் சாவி ஒன்றே ஒன்று நுழைந்தால் போதும். அதை மட்டும் தள்ளிவிட்டு மற்றதைக் காட்டுமா? காட்டாது. சரத்தைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று ஒரு வரி முணுமுணுத்துவிட்டு எல்லா நிறத்தையும் அணைத்துவிடும். புதிய கணினியில் உருவாக்கிய சரத்தைப் பழைய சர்வருக்குக் கொண்டுபோனால் இதுதான் நடக்கும்.

கொண்டுபோவதே ஒரு வேதனை. எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு சர்வருக்குள் நுழைந்தால் டெர்மினலின் பெயர் கூடவே போகிறது; டெபியன் என்ற லினக்ஸ் வகையில் மொழி அமைப்புகள்கூடப் போகின்றன; நிறம் போகாது. அங்கே மறுபடி கருநீலம். சூடோ என்ற கட்டளையால் நிர்வாகியின் ஷெல்லுக்கு (நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) மாறினால், அதன் அமைப்புக் கோப்பு நம் நிறத்தை மேலெழுதிவிடக்கூடும், மறுபடி கருநீலம். எந்தக் கோப்பில் எழுதுவது என்பதிலும் வில்லங்கம். உள்நுழைவு ஷெல் ஒரு கோப்பைப் படிக்கும், சாதாரண ஷெல் வேறொன்றைப் படிக்கும். சரியான வரியைத் தவறான கோப்பில் எழுதினால் பிழைச்செய்திகூட வராது, ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான்.

இருங்கள், நீலம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கோப்புறைக்கு முன்னிருப்பு நிறம் என்ன தெரியுமா? '34;42'. பச்சைப் பின்னணியில் நீல எழுத்து. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்த டிரைவை லினக்ஸில் இணைத்தால் பல நேரம் எல்லாக் கோப்புறைக்கும் எல்லா அனுமதியும் உண்டு என்று கணக்காகிவிடும். வாடிக்கையாளர் கொடுக்கும் அப்படிப்பட்ட பென்டிரைவைச் செருகியதும் திரை முழுவதும் பச்சைப் பட்டைகள், அவற்றுக்குள் நீலப் பூச்சிகள். எச்சரிக்கை என்று வைத்தார்களாம். எதைப் பற்றி எச்சரிக்கிறார்கள் என்று பெயரைப் படித்தால்தானே தெரியும்!

முதலாளியின் மேக் கணினியில் அது வேறு கூத்து. மாறியின் பெயரில் அடிக்கோடு கிடையாது, உள்ளே எண்களும் கிடையாது. ஜோடி ஜோடியாக ஆங்கில எழுத்துகள் மட்டும். எழுத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று, பெரிய எழுத்தானால் தடிமன். எந்த ஜோடி எதற்கு என்பதை வரிசையை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். லினக்ஸுக்கு எழுதிய ஒரு வரிகூட அங்கே உதவாது.

நிறத்தையே அணைத்துவிடு என்று ஞானம் பேசுபவர்கள் தனி ரகம். ஏன் அணைக்க வேண்டும்? இலக்கு காணாமற்போன இணைப்பு சிவப்பில் தெரிவதால் எத்தனையோ இரவுகளில் எங்கள் காப்புப்பிரதி பிழைத்திருக்கிறது. நிறம் வேண்டும். படிக்கக்கூடிய நிறம் வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். இன்னொரு சாரார் எதிர்முனையில் நிற்கிறார்கள்: நிறத்தை 'எப்போதும்' என்று வைத்துவிடுவார்கள். எங்கள் அலுவலகத்தில் முன்பு இருந்த ஒருவர் அப்படி வைத்துவிட்டுப் போனார். பட்டியலைக் கோப்பில் சேமித்து வாடிக்கையாளருக்கு அனுப்பினால், பெயர்களைச் சுற்றிலும் சதுர அடைப்பும் எண்ணுமாகக் குப்பை. இது என்ன ரகசியக் குறியீடு என்று கேட்டார்கள். 'தானாக' என்று ஒரு தேர்வு இருக்கிறது ஐயா; அது திரைக்குப் போகிறதா, கோப்புக்குப் போகிறதா என்று பார்த்து நடந்துகொள்ளும்.

34 இருக்கும் இடத்தில் 94 என்று போடுங்கள், வெளிர்நீலம் வரும். 256 நிறம் காட்டும் டெர்மினலானால் '38;5;75' போடுங்கள், வானநீலம் வரும். இரண்டு இலக்கத்தில் ஒன்றை மாற்றுகிற வேலை. அதை மூலத்திலேயே மாற்றாமல், சர்வர் சர்வராக நான் மாற்றிக்கொண்டு அலைகிறேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு சர்வர்கள் வருகின்றன.