கண்டுபிடித்தால் மட்டும்தான் புள்ளியா?

அணு ஆயுதங்களைக் கழற்றிப் போடுவதை எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லித்தரும் ஒரு விளையாட்டை, பட்டர்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளோடு விளையாடினோம். எல்லாரும் படிவம் 4, படிவம் 5. விளையாடிய படத்தை இங்கே போட்டதுதான் தாமதம், "எஸ்பிஎம்ல இது வருமா சார்", "நம்ம பிள்ளைங்களுக்கு அணுகுண்டு எதுக்குலா" என்று கமெண்டில் ஆரம்பித்துவிட்டார்கள். தேர்வில் வராது. வராவிட்டால் என்ன, விளையாடட்டும். எனக்கும் அந்த விளையாட்டோடு ஒரு சண்டை இருக்கிறது, ஆனால் அது வேறு சண்டை.

ஆட்டம் இதுதான். ஒரு அணி, குண்டுகளை அழிப்பதாக ஒப்புக்கொண்ட நாடு. இன்னொரு அணி, வெளியிலிருந்து வரும் சோதனையாளர்கள். பெட்டிக்குள் இருப்பது நிஜக் குண்டுதானா, பிரிக்கக் கொண்டுபோகிற வழியில் மாற்றிவிட்டார்களா என்று இவர்கள் உறுதிசெய்ய வேண்டும், ஆனால் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் செய்முறை வெளியே போய்விடும். ஆயுதம் இல்லாத நாடு அதைச் செய்துகொள்ள எந்த வகையிலும் உதவக் கூடாது என்று அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையே சொல்கிறது. ஆகவே பெட்டியை வெளியிலிருந்தே சோதிக்கும் கருவி காட்டுவது பச்சை விளக்கு அல்லது சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அந்தக் கருவியைச் செய்தது யார், அது பொய் சொல்லாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்ற வாக்குவாதத்திலேயே பாதி நேரம் போய்விடுகிறது. கடைசியில் ஒரே மாதிரி இரண்டு கருவி, குலுக்கிப் போட்டு ஒன்றை இங்கே பயன்படுத்துவது, மற்றதைச் சோதனையாளர்கள் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்ப்பது என்ற முடிவுக்குப் பிள்ளைகளே வந்தார்கள்.

வழியில் யாரும் திறக்காதபடி பெட்டிக்கு முத்திரை வைக்கிற கட்டம் இன்னும் பிரமாதம். விதித்தாளில் டேப்பும் கையெழுத்தும்தான். பையன்கள் ஹேர் டிரையரால் டேப்பைச் சூடாக்கி அலுங்காமல் உரித்துவிட்டார்கள். அடுத்த சுற்றில் ஒரு பொண்ணு பையிலிருந்து மினுமினுக்கிற கியூடெக்ஸை எடுத்து டேப் ஓரமாகத் தடவி, காய்ந்ததும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. அமெரிக்க ஆய்வகங்கள் ஏவுகணைகளுக்கு அடையாளம் வைக்க உருவாக்கிய முறையும் இதேதான். பிசினில் மினுக்குத் துகளைக் கலந்து பூசி, வெளிச்சம் எப்படித் தெறிக்கிறது என்று படம் எடுத்து வைப்பது. துகள்கள் அதே மாதிரி இன்னொரு தடவை விழாது.

சரி, என் சண்டைக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் திருட்டைக் கண்டுபிடித்தால் சோதனையாளர்களுக்குப் புள்ளி, ஏமாற்றித் தப்பித்தால் எதிரணிக்குப் புள்ளி. நேர்மையாக எல்லாவற்றையும் அழித்த நாட்டுக்கு? ஒன்றுமில்லை. வீணாகப் பழி போட்டவர்களுக்கு அபராதமும் இல்லை. பிறகு என்ன நடக்கும், பிள்ளைகள் எடுத்ததுமே "திருடன்!" என்று கத்துகிறார்கள்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவன். ஒரு வாடிக்கையாளரின் ஆடிட்டர் வருகிற அன்று, பக்கத்து லைனில் ஓடுவது இன்னொருவரின் சாமான் என்றால் அதைத் திரை போட்டு மூடிவிட்டு, வருபவரின் கைப்பேசி கேமராமேல் ஸ்டிக்கரும் ஒட்டித்தான் உள்ளே விடுவோம். எங்கள் வேலை சுத்தம் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும், அதே சமயம் அடுத்தவர் ரகசியம் போகக் கூடாது. மறைக்கிறவனெல்லாம் திருடனில்லை. இது பிடிபடாதவரை அணு ஆயுதச் சோதனை என்றால் ஏதோ போலீஸ் ரெய்டு என்றுதான் தோன்றும்.

தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 6 குண்டு செய்தோம், 7ஆவது பாதியில் இருந்தது, எல்லாவற்றையும் பிரித்துவிட்டோம் என்று அதன் அதிபர் டி கிளர்க் 1993 மார்ச்சில் அறிவித்தார். பிரித்து முடித்த பிறகுதான் சொன்னார், வடிவமைப்பு ஆவணங்களையும் அழித்தாயிற்று. அதற்கப்புறம் சர்வதேச அணுசக்தி முகமை ஆட்கள் பழைய ஆலைப் பதிவேடுகளைப் புரட்டி, குண்டுக்கான யுரேனியக் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். உண்மை சொன்ன நாடு, அந்த உண்மையை நிரூபிக்கப் பட்ட பாடு அது. ஈராக்கிலோ நேர்மாறு, ரகசியமாக அணுகுண்டு செய்யப் பார்க்கிறது என்று அமெரிக்கா பழி போட்டது. அணு ஆயுதத் திட்டம் மறுபடி தொடங்கியதற்கு ஆதாரம் இல்லை என்று அதே முகமையின் தலைவர் எல்பராடேய் 2003 மார்ச் 7ஆம் தேதி ஐநா பாதுகாப்பு மன்றத்தில் சொன்னார், இரண்டு வாரத்துக்குள் போர். பொய்ப் பழிக்கு விலை வைக்காத விளையாட்டு அந்த மார்ச் மாதத்தைப் பற்றி என்ன சொல்லித்தரும்?

விளையாட்டு என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று: பிரிட்டனும் நார்வேயும் 2007 முதல் இதைத்தான் செய்தன. 2009 ஒத்திகையில் ஆயுதமே இல்லாத நார்வே ஆயுத நாடாகவும், ஆயுதம் வைத்திருக்கும் பிரிட்டன் சோதிக்க வந்த நாடாகவும் நடித்தன. கற்பனைப் பெயர்கள்கூட வைத்துக்கொண்டார்கள், டார்லாந்து, லுவேனியா என்று!

"நமக்கு எதுக்கு" என்றவர்களுக்கு: 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன கப்பலில் பிடிபட்ட யுரேனியத்தைக் குண்டுக்கு ஏற்றபடி செறிவூட்டும் எந்திரப் பாகங்கள் ஷா ஆலாமில் செய்யப்பட்டவை. எண்ணெய், எரிவாயுத் துறைக்கு என்று நம்பித்தான் செய்தோம் என்றது நிறுவனம். கேமரன் மலையில் ஸ்ட்ராபெரி வாங்கப் போகிறோமே, அந்தத் தானா ராத்தாவில் உலகில் எங்காவது அணுகுண்டு வெடித்தால் காற்றில் கதிரியக்கத் துகள் தேடும் நிலையம் ஒன்று இருக்கிறது. போதுமா?

அமெரிக்காவும் ரஷ்யாவும் தலா ஆண்டுக்கு 18 தடவை வரை நேரில் போய்ச் சரிபார்க்கலாம் என்று நியூ ஸ்டார்ட் அணு ஆயுதக் குறைப்பு உடன்படிக்கையில் வைத்திருந்த ஏற்பாடு 2020இல் கோவிட்டால் நின்றது, திரும்பத் தொடங்கவேயில்லை. 2026 பிப்ரவரியில் உடன்படிக்கையே முடிந்தும் போயிற்று. பெரியவர்கள் கைவிட்டதைப் பிள்ளைகளாவது பழகட்டுமே.

புள்ளிக் கணக்கை நாங்களே மாற்றிக்கொண்டோம். நாடு நேர்மையாக நடந்து, ரகசியமும் கசியாமல், சோதனையாளர்களும் சரியென்று கையெழுத்துப் போட்டால் இரண்டு அணிக்கும் முழுப் புள்ளி. தவறான பழிக்குக் கழித்தல். திருட்டைப் பிடித்தால் பழையபடி புள்ளி உண்டு, அதை எடுக்கவில்லை. "சார், இப்ப ரொம்பப் பேச வேண்டியிருக்கு" என்று பையன்கள் முனகினார்கள், ஒரு சுற்று பேச்சுவார்த்தையிலேயே முடிந்தது. முடியட்டும். மாற்றிய விதித்தாள் வேண்டும் என்கிற ஆசிரியர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். கியூடெக்ஸ் நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.